கூரை இல்லாதவைக்கும் வெயில் அடிக்குது

இலங்கையில் வருகிற சோலார் விளம்பரம் எதையும் எடுத்துப் பாருங்கள். ஒரு வீடு இருக்கும். வீட்டுக்கு நல்ல கூரை இருக்கும். கூரையில் வரிசையாகப் பனல், கீழே சிரிச்சுக்கொண்டு நிக்கிற ஒரு குடும்பம். 2016 இல் அரசாங்கம் தொடங்கின ‘சூரிய பல சங்கிராமய’வும் கூரைத் திட்டம்தான். மின்சார சபையில் கணக்கு இருக்கிறவர் மிஞ்சின கரண்டை விற்கலாம். சொந்த வீடு இருக்கிறவர் வங்கியில் கடன் கேட்கலாம். கூரை இல்லாதவர், பில்லில் பெயர் இல்லாதவர் இந்தக் கதையில் எங்கேயுமே இல்லை.

இவ்வளவுக்கும் அந்தக் கூரைப் பனல்கள் எங்களை எவ்வளவு காப்பாற்றின? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். மின்சார சபை லைனோடு மட்டும் இணைச்ச பனல், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்து வைச்சிருக்கு. ஆகவே பற்றரி இல்லாத சோலார் வீடும் அண்டைக்குப் பக்கத்து வீட்டைப்போல இருட்டில்தான் இருந்தது. சின்னதாக, லைனை நம்பாமல், பற்றரியோடு தனியாக ஓடுகிற சோலார்தான் அந்த நேரத்தில் வேலை செய்தது. அதைப் பற்றி இங்கே கதைக்கிற ஆட்கள் குறைவு. ஏனென்றால் அதில் பெரிய வியாபாரம் இல்லை.

நான் கதைக்கப்போவது அதைத்தான். அதுவும் றோட்டிலேயே வாழ்க்கை நடத்துகிற ஆட்களுக்கான சோலார்.

ஆர் அந்த ஆட்கள்? வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆடியில் கதிர்காமமும் மாமாங்கமும், ஓகஸ்ட் 15 மடு, பிறகு 25 நாள் நல்லூர், சந்நிதி. இந்த வரிசையில் ஒரு வானையோ சின்ன லொறியையோ கொண்டு திரிகிற திருவிழாக் கடைக்காரர்களை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். வளையல், விளையாட்டுச் சாமான், பிளாஸ்ரிக் வாளி, உடுப்பு. அவர்களிடம் பேரம் பேசியிருப்பீர்கள். இரவு எங்கே படுக்கினம் என்று யோசிச்சிருக்க மாட்டீர்கள். வானுக்குள்ளதான். வருசத்தில் பல மாதம் வான்தான் வீடு. அறுவடைக்காலத்தில் வெட்டு மெசினோடு மாவட்டம் மாவட்டமாகப் போகிற பொடியன்கள், சீசனுக்குக் கரை மாறி வாடி போடுகிற மீனவர், சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற யாத்திரிகர், எல்லாரும் இந்தக் கணக்கில் வருவினம். எல்லாருக்கும் ஒரே பிரச்சினை: இரவுக்கு லைற், போனுக்கு சார்ஜ், கொஞ்சம் காற்று. இதுக்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வயர் இழுத்து நாள் கூலி குடுக்க வேணும். இல்லாவிட்டால் ஜெனரேற்றர் சத்தத்துக்குள்ளும் புகைக்குள்ளும் படுக்க வேணும்.

இந்த இடைவெளிக்குள்தான் பொய் விற்கிறவர்கள் புகுந்திருக்கிறார்கள்.

எங்கட ஊர் அண்ணை ஒருவர் திருவிழாக் கடை போடுகிறவர். போன வருசம் ஒரு கடையில் “300 வாட்” என்று ஒட்டியிருந்த பனல் ஒன்றை வாங்கினார். இரண்டு பல்ப்பும் ஒரு பானும் விடியும்வரை ஓடவில்லை. பற்றரி பிழை என்று கடைக்காரர் சொல்ல, இன்னொரு பற்றரியும் வாங்கினார். அதுவும் ஓடவில்லை. பிறகு நாங்கள் தையல் நாடாவை எடுத்து அந்தப் பனலை அளந்தோம். ஒரு மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம். அவ்வளவுதான்.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாட் சக்தியைக் கொண்டு வருகிறது. இப்ப விற்கிற நல்ல பனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கரண்டாக்கும். அதாவது சதுர மீற்றருக்கு 200 வாட், மிஞ்சி மிஞ்சிப் போனால் 230. அரைச் சதுர மீற்றர் பனல் 100 வாட், கூடினால் 115. அதில் 300 என்று எழுதியிருந்தால் அது பொய். அந்த லேபலைக் கிழிக்க எஞ்சினியர் தேவையில்லை, நாடா காணும். அண்ணை கேட்டார்: “அப்ப மிச்சம் 200 வாட்டையும் ஆர் தங்கச்சி தின்டது?” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 200 வாட்டுக்கும் அவர் காசு குடுத்திருக்கிறார்.

பவர் பாங்கிலும் இதே கூத்துத்தான். நடைபாதைக் கடைகளில் “1,00,000 மில்லி அம்பியர்” என்று போட்டு விற்கினம். அதுக்குள் இருக்கிற உருளைப் பற்றரி ஒன்று ஏறத்தாழ 3000 மில்லி அம்பியர் மணி கொள்ளும், நிறை ஏறத்தாழ 45 கிராம். ஒரு இலட்சம் வேண்டுமென்றால் அப்படி 33 பற்றரி வேண்டும். நிறை ஒன்றரைக் கிலோ. உங்கட கையில் இருக்கிறதோ 300 கிராம்கூட வராது. பனலுக்கு நாடா என்றால் பவர் பாங்குக்குத் தராசு. பின்பக்கம் உள்ளங்கையளவு சோலார் ஒட்டின பவர் பாங்கைக் கேட்கவே வேண்டாம். அந்தத் துண்டு நல்ல வெயிலிலும் ஒரு வாட், ஒன்றரை வாட்தான் தரும். 20,000 மில்லி அம்பியர் பவர் பாங் ஒன்று 74 வாட் மணி கொள்ளும். அதை அந்தத் துண்டால் நிரப்ப இரண்டு கிழமை வெயிலில் காயவைக்க வேண்டும். அவ்வளவு நாள் வெயிலில் கிடந்தால் பற்றரிதான் முதலில் பழுதாகும்.

பொய் லேபல் ஒரு பக்கம். மற்றப் பக்கம் யூரியூப். வானில் வாழ்க்கை என்று வெளிநாட்டுக்காரர் போடுகிற வீடியோக்களைப் பார்த்துப்போட்டு, 400 வாட் பனல், 200 அம்பியர் மணி லிதியம், 2000 வாட் இன்வேட்டர் இல்லாமல் வெளிக்கிடவே கூடாது என்று எங்கட பொடியன்கள் கதைக்கினம். அந்த வீடியோவில் இருக்கிறவருக்கு வானுக்குள் பிரிட்ஜ் இருக்கு, மடிக்கணினி இரண்டு இருக்கு, கோப்பி மெசின் இருக்கு. றோட்டு வாழ்க்கை அவருக்கு விருப்பம், எங்கட அண்ணைக்கு அது தொழில். அவருடைய பட்டியலைப் பார்த்து இவர் வாங்கினால் கடன்தான் மிஞ்சும்.

ஆகவே என்னுடைய வாதம் ஒன்றுதான். பனலில் தொடங்காதீர்கள். உங்கட ஒரு நாளில் தொடங்குங்கள். கடைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை வாட் வேணும்” என்பதல்ல. “ஒரு நாளைக்கு என்னத்தை, எவ்வளவு நேரம் போடுவீங்கள்?” அதைக் கேட்காத கடையை விட்டு எழும்பி வாங்கோ.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடை வாசலுக்கு 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் இரண்டு, 5 மணித்தியாலம்: 90 வாட் மணி. வானுக்குள் 3 வாட் பல்ப் ஒன்று, 4 மணித்தியாலம்: 12. போன் இரண்டு, சேதாரத்தோடு ஒன்றுக்கு 25: 50. 12 வோல்ட் சின்னப் பான் 8 வாட், 6 மணித்தியாலம்: 48. கூட்டினால் 200 வாட் மணி. மின்சார சபை பில்லில் வருகிற ஒரு யூனிட் 1000 வாட் மணி. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இந்த மனிசனின்ர முழு நாள். இவ்வளவு சின்னத் தேவையைத்தான் மலைபோலக் காட்டி வியாபாரம் செய்யினம்.

அடுத்தது பனல். எங்கட நாட்டில் ஒரு நாளைக்குக் கிடைக்கிற வெயிலை, முழு உச்சி வெயிலாக மாற்றிப் பார்த்தால், 4 மணித்தியாலம் என்று வைச்சுக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. தூசி, சூடு, வயர், பற்றரி என்று நூற்றுக்கு 30 போகட்டும். 200 ஐ 0.7 ஆல் பிரிச்சு, அதை 4 ஆல் பிரிச்சால் 71. ஆகவே உண்மையான 100 வாட் பனல் ஒன்று தாராளமாகக் காணும். வற்றாப்பளையிலிருந்து நல்லூர்வரை திருவிழாக் காலம் வடக்கில் வெயில் காலம்தான். மாரியில் இதே பனல் திணறும், உண்மை. ஆனால் மாரியில் கடையும் குறைவு.

மடிச்சு வளைக்கிற மெல்லிய பனலை வான் கூரையில் ஒட்டச் சொல்லுவினம். வேண்டாம். 25 பாகைக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு பாகைக்கும் பனல் ஏறத்தாழ நூற்றுக்கு 0.4 வீதம் இழக்கும். தகரத்தோடு ஒட்டினால் காற்றுப் போக வழியில்லை, வேகிவிடும். சட்டம் போட்ட கண்ணாடிப் பனலை இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பூட்டுங்கள். இன்னொரு விசயம். மனிசருக்கு மர நிழல் வேண்டும், பனலுக்கு நிழல் ஆகாது. கோயில் வீதி வேம்புக்குக் கீழே வானை விட்டால் கூரையில் பூட்டின பனல் சும்மா கிடக்கும். ஒரு மூலையில் விழுகிற நிழலே பெரும் பங்கைக் குறைச்சுவிடும். ஒரே இடத்தில் கன நாள் நிக்கிறவர் பனலைப் பூட்டாமல், நீள வயரோடு வெயிலில் சாத்தி வைப்பதுதான் புத்தி.

பற்றரியில்தான் ஆக மோசமான ஆலோசனை குடுக்கினம். “பழைய கார் பற்றரி ஒண்டு போடுங்கோ அண்ணை, காணும்.” கார் பற்றரி எஞ்சினை உதைச்சுக் கிளப்புவதற்குச் செய்தது. ஒவ்வொரு இரவும் அடிமட்டம்வரை இறக்கினால் சில மாதத்தில் செத்துப்போகும். இப்படிப் பாருங்கள்: ஒரு நாள் மழை மூட்டம் என்றாலும் தாங்க இரண்டு நாள் தேவை, அதாவது 400 வாட் மணி, கையில் இருக்க வேண்டும். சோலாருக்கென்று செய்த அசிட் பற்றரியை அரைவாசிக்குக் கீழ் இறக்கக்கூடாது, ஆகவே 12 வோல்ட் 70 அம்பியர் மணி வேண்டும். நிறை ஏறத்தாழ 20 கிலோ. லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி என்றால் நூற்றுக்கு 80 பயமில்லாமல் எடுக்கலாம், ஆகவே 40 அம்பியர் மணி காணும். நிறை ஏறத்தாழ 5 கிலோ. முதலாவது சில நூறு தடவை இறங்கி ஏறும், இரண்டாவது ஆயிரக்கணக்கான தடவை. வாங்கும்போது லிதியம் விலை கூடத்தான். மூன்று அசிட் பற்றரி வாங்கி எறிகிற காசையும் சேர்த்துப் பார்த்தால் எது மலிவு என்று விளங்கும். ஏழைதான் ஒரே சாமானைத் திரும்பத் திரும்ப வாங்குகிறான், ஏனென்றால் ஒரேயடியாகக் குடுக்க அவனிடம் காசு இல்லை.

பனலுக்கும் பற்றரிக்கும் இடையில் சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயம். அது இல்லாமல் நேரே குடுத்தால் பற்றரி அளவுக்கு மீறி ஏறிக் கெட்டுவிடும். 100 வாட் பனலுக்கு 10 அம்பியர் ஒன்று காணும். எம்.பி.பி.ரி. வகை நல்லது, பனலின் கரண்டை வீணாக்காது. ஆனால் மலிவுக் கடையில் அந்தப் பெயரை ஒட்டி உள்ளே பழைய பி.டபிள்யூ.எம். வகையை விற்பதும் நடக்குது. பெயருக்குக் கூடக் குடுப்பதைவிட, உண்மையான பி.டபிள்யூ.எம். ஒன்றை வாங்கி மிச்சத்தைப் பற்றரியில் போடலாம். உங்கட பற்றரி வகையை அதில் தெரிவு செய்ய ஏலுமா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

இன்வேட்டர்? என் பதில்: வாங்காதீர்கள். 12 வோல்ட் பல்ப், 12 வோல்ட் பான், வானில் போன் சார்ஜ் போடுகிற அதே சொக்கற், எல்லாம் நேரே பற்றரியில் ஓடும். இன்வேட்டர் ஒன்று ஒரு வேலையும் செய்யாமல் ஒன்னில் கிடந்தாலே 8 வாட் குடிக்கும். 24 மணித்தியாலத்துக்கு 192 வாட் மணி. எங்கட அண்ணையின்ர முழு நாள் தேவையையும் ஒரு பெட்டி சும்மா இருந்து விழுங்கிவிடும். “றைஸ் குக்கர் போடலாமே” என்று ஆசை காட்டுவினம். 500 வாட் குக்கர் அரை மணித்தியாலம் ஓடினால் 250 வாட் மணி. ஒரு பானைச் சோறு, ஒரு நாள் கரண்ட். சமையலுக்குச் சின்ன காஸ் சிலிண்டரே இருக்கட்டும்.

இதை விடக் கட்டாயமாகக் கதைக்க வேண்டியது வயரும் பியூசும். இதை ஒரு கடையும் தானாகச் சொல்லாது, ஏனென்றால் இதில் இலாபம் இல்லை. 100 வாட் 230 வோல்ட்டில் அரை அம்பியர்கூட இல்லை. 12 வோல்ட்டில் அது 8 அம்பியருக்கு மேல். வீட்டு பல்ப்புக்கு இழுத்த மெல்லிய வயரை இதுக்குப் போட்டால் சூடாகும். பற்றரியின் இரண்டு முனையும் எங்கேயாவது முட்டினால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். வானுக்குள் என்ன இருக்கு? துணியும் பிளாஸ்ரிக்கும், அதுக்கு நடுவில் படுத்திருக்கிற பிள்ளைகள். பற்றரியின் பொசிற்றிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இல்லாத எந்தச் செற்றையும் இரவில் விட்டுவிட்டு நித்திரை கொள்ளாதீர்கள்.

“சோலார்தான் எல்லாத்துக்கும் மருந்து” என்று சொல்ல நான் வரவில்லை. தினமும் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடுகிற வான் என்றால், எஞ்சினோடு சுத்துகிற ஒல்டனேற்றரிலிருந்தே இரண்டாவது பற்றரியை ஏற்றலாம். அதுக்கு ஒரு சின்ன சார்ஜர் இருக்கு. பனல் தேவைப்படாமலே போகலாம். நல்லூரில் 25 நாள் அசையாமல் நிக்கிறவருக்குத்தான் பனல் வேண்டும். அதேபோல, குமண, யாலக் காட்டைக் கடந்து நடக்கிற யாத்திரிகருக்கு முதுகில் பனல் எதுக்கு? உண்மையான 20,000 மில்லி அம்பியர் பவர் பாங் ஒன்று போனை இரண்டு தரமாவது நிரப்பும். போனை நிப்பாட்டி வைச்சு அவசரத்துக்கு மட்டும் எடுத்தால் காட்டுப் பாதை முழுக்கக் காணும். “உங்களுக்கு இது தேவையில்லை” என்று சொல்லுகிற கடைக்காரரைத்தான் நான் தேடுகிறேன்.

“நீங்கள் ஆர்ட்ஸ் தானே, உங்களுக்கு என்னெண்டு இதெல்லாம் தெரியும்?” என்று கேட்கினம். மேலே நான் செய்தது பெருக்கலும் பிரித்தலும். சாதாரண தரம் படிச்ச எவருக்கும் இது தெரியும். தெரிந்ததைப் பாவிக்க விடாமல் “உது ரெக்னிக்கல் விசயம்” என்று ஒரு மதில் கட்டி வைச்சிருக்கினம். அந்த மதிலுக்குப் பின்னால்தான் 100 வாட் பனல் 300 ஆகிறது.

எங்கட அம்மா அப்பாவின் தலைமுறைக்கு அந்த மதில் இருக்கவில்லை. 90களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, மிதியைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்கள் அவர்கள். சைக்கிள் டைனமோ என்பது வழக்கமாக 6 வோல்ட், 3 வாட். அந்த மூன்று வாட்டுக்கு எது ஓடும், எது ஓடாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேவை எவ்வளவு என்று முதலில் பார்த்தார்கள், பிறகு அதுக்கு ஏற்ற வழியைத் தேடினார்கள். அந்தக் கெட்டித்தனத்தைக் கதையாகச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். இல்லாமையை நான் புகழவில்லை, அது யுத்தம் திணிச்ச இல்லாமை. ஆனால் அந்தக் கணக்கு எங்கட சொத்து. அதை ஏன் கடைக்காரரிடம் அடகு வைக்க வேண்டும்?

கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவும் வேண்டும். பனலும் பற்றரியும் பவர் பாங்கும் விற்கிறவர் உண்மையான வாட்டையும் வாட் மணியையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும், பொய் எழுதினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை பிடிக்க வேண்டும். திருவிழாக் கடைக்கு இடம் குடுத்துக் காசு வாங்குகிற சபைகள், அந்தக் காசில் பாதுகாப்பான சார்ஜ் போடும் இடம் ஒன்றையாவது அமைக்க வேண்டும். உறுதியும் பில்லும் இல்லாதவருக்கும் சின்ன சோலாருக்குக் கடன் கிடைக்க வேண்டும். இது புதுக் கோரிக்கையும் இல்லை. 90களின் பிற்பகுதியில் தொடங்கி, லைன் போகாத கிராமங்களுக்கு உலக வங்கித் திட்டத்தின் கீழ் கடனுக்குச் சின்னச் சோலார் குடுத்த நாடு இது. சில பல்ப்பும் ஒரு சின்ன ரீவியும் ஓடுகிற அளவு. லைன் வந்ததும் அந்த யோசனையையே மறந்துபோனோம். லைன் எப்பவும் போய்ச் சேராத ஆட்கள் றோட்டில் இருக்கினம் என்பதையும் அதோடு சேர்த்து மறந்தோம்.

இதெல்லாம் நடக்கும்வரை எங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது பையில் ஒரு நாடா, ஒரு சின்னத் தராசு, ஒரு பேனையும் கடதாசியும் கொண்டு போவோம். வளையல் வாங்கின கையோடு, “அண்ணை, இரவில என்னென்ன போடுறனீங்கள்?” என்று கேட்போம். பத்து நிமிசத்தில் கணக்கு முடியும். அந்தக் கடதாசியை அவரிடமே குடுத்துவிட்டு வருவோம். கடைக்குப் போகும்போது அவர் அதை நீட்டட்டும்.